சங்கா தொலைபேசியா என்ற சண்டையில் காணாமற்போன 2

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்தைய ஒரு மாதம், வடக்கு கிழக்குத் தமிழர்களிடையே ஓடியது ஒரே சண்டைதான். சங்குக்கா, தொலைபேசிக்கா? தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனின் சின்னம் சங்கு. சஜித் பிரேமதாசவின் சின்னம் தொலைபேசி. சங்குக்குப் போட்டால் வாக்கு வீண் என்றது ஒரு பக்கம். தொலைபேசிக்குப் போட்டால் துரோகம் என்றது மறுபக்கம். தமிழரசுக் கட்சி செப்டெம்பர் 1ஆம் திகதி சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்தபோது, அரியநேத்திரனே அந்தக் கட்சிக்காரர்தான் என்பதால் சண்டை வீட்டுக்குள்ளும் புகுந்தது.

இதில் எனக்கு இன்றுவரை விளங்காத விசயம் ஒன்று உண்டு. வாக்குச் சீட்டில் அப்படியொரு இரண்டிலொன்று கேள்வியே கிடையாது. அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரை ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று தெரிவு தருகிறது. வேட்பாளர் மூன்று பேருக்கு மேல் இருந்தால் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். சங்குக்கு 1 போட்டுவிட்டுத் தொலைபேசிக்கோ, அநுரகுமார திசாநாயக்கவின் திசைகாட்டிக்கோ, ரணில் விக்கிரமசிங்கவின் எரிவாயு சிலிண்டருக்கோ 2 போட யாரும் தடை போடவில்லை. ஆனாலும் விவாதம் முழுவதும் 1ஐச் சுற்றியே நடந்தது.

குழப்பத்தின் ஒரு வேர் சொல்லிலேயே இருக்கிறது. ‘விருப்பு வாக்கு’ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பாராளுமன்றத் தேர்தல். அங்கே கட்சிக்கு ஒரு புள்ளடி (X), பிறகு அதே கட்சிப் பட்டியலில் மூன்று பேர் வரை அவரவர் இலக்கத்தின் மேல் புள்ளடி. அந்த மூன்றுக்கும் ஒரே பெறுமதி, மூன்றும் எண்ணப்படும். யார் முதல், யார் இரண்டாவது என்ற வரிசையே இல்லை. ஜனாதிபதித் தேர்தலில் அதே பெயரில் நடப்பது முற்றிலும் வேறொன்று. இங்கே 2உம் 3உம் வரிசை. அவை எல்லாச் சீட்டிலும் எண்ணப்படுவதில்லை. தேவைப்பட்டால் மட்டும், அதுவும் ஒன்று மட்டும்தான் எண்ணப்படும். பாராளுமன்றப் பழக்கத்தில் மூன்று பேருக்கு மூன்று புள்ளடி போட்டால் ஜனாதிபதித் தேர்தலில் அந்தச் சீட்டு நேரே நிராகரிப்புக்குப் போகும்.

எண்ணும் முறையைச் சொல்கிறேன். பிரான்ஸில் இருக்கும் உறவினர்களைக் கேட்டால் பாதி விளங்கிவிடும். அங்கே முதற்சுற்றில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இரண்டு பேருக்கு மட்டும் இரண்டு வாரம் கழித்து மறுபடி வாக்களிக்கிறார்கள். இலங்கையில் அந்த இரண்டாம் சுற்றை வாக்காளர் அதே நாளில், அதே சீட்டில் முற்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். 2உம் 3உம் அதற்குத்தான்.

முதலில் எல்லாச் சீட்டுகளிலும் முதல் வாக்கு எண்ணப்படும். யாராவது செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுத்தால் அத்தோடு முடிந்தது. 2, 3 எதையும் யாரும் பார்க்கமாட்டார்கள். எடுக்காவிட்டால் முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரேயடியாக வெளியே. ஒவ்வொருவராகக் கழிப்பது இங்கே இல்லை. பிறகு வெளியேறியவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மட்டும் எடுத்து 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். களத்தில் நிற்கும் இருவரில் ஒருவருக்கென்றால் அவர் கணக்கில் சேரும், 3ஐப் பார்க்கும் தேவையே இல்லை. 2 வெளியேறிய இன்னொருவருக்குப் போடப்பட்டிருந்தால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இருவரில் ஒருவருக்கு இல்லையென்றால் அந்தச் சீட்டின் வேலை அங்கே முடிகிறது.

‘2 போட்டால் 1 பலவீனமாகும்’ என்று சுற்றிய செய்திக்கு இதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் 1 களத்தில் நிற்கும்வரை உங்கள் 2ஐ ஒருவரும் எண்ணப்போவதில்லை. உங்கள் 1 வெளியேறிய பிறகுதான் 2 உயிர்பெறும். உயிரோடிருக்கும் 1ஐ 2 தோற்கடிக்க வழியே கிடையாது.

1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டியதால், இந்த ஏற்பாடு நாற்பது வருடம் தூங்கிக் கிடந்தது. 1988இல் ரணசிங்க பிரேமதாச 50.43 சதவீதம், 2005இல் மஹிந்த ராஜபக்ஷ 50.29 சதவீதம். அவ்வளவு நெருக்கம். 2005இல் மஹிந்தவுக்குக் கிடைத்த 4,887,152 வாக்குகளில் வெறும் 28,633 குறைந்து வேறு பக்கம் போயிருந்தால் அன்றே 2உம் 3உம் எண்ணப்பட்டிருக்கும். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம். புறக்கணிப்பு வெற்றியாளரின் பங்கைக் குறைக்கும் என்று இப்போதும் எழுதுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாதி என்பது செல்லுபடியான வாக்குகளில் பாதி. வீட்டில் இருந்தவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. வேண்டுமென்றே சீட்டைப் பழுதாக்கியவரும் இல்லை. இந்தியாவில் இருப்பதுபோல நோட்டா, அதாவது ‘யாருக்கும் இல்லை’ என்ற தெரிவு, இங்கே கிடையாது. ஆக எதிர்ப்பைக் காட்ட எடுக்கும் இந்த இரண்டு வழியும் பாதிக்கான கோட்டைத் தாழ்த்துகின்றன. முன்னால் நிற்பவருக்கு அதைத் தாண்டுவது இலகுவாகிறது.

இனி 2024. வேட்புமனு ஏற்கப்பட்டவர்கள் 39 பேர். ஒருவர் இடையில் இறந்துபோக 38. பெண் ஒருவரும் இல்லை என்பதை விவாதத்தில் அநேகர் கவனிக்கவேயில்லை. பதிவான வாக்காளர்கள் 17,140,354. செல்லுபடியான வாக்குகள் 13,319,616. முதல் எண்ணிக்கையில் அநுரகுமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035, ரணில் விக்கிரமசிங்க 2,299,767. நான்காவது நாமல் ராஜபக்ஷ 342,781. ஐந்தாவது அரியநேத்திரன் 226,343. பாதி என்பது 6,659,808. அநுரவுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் குறைவு. இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது.

அதில் அநுரவுக்குச் சேர்ந்தது 105,264. சஜித்துக்குச் சேர்ந்தது 167,867. இறுதி எண்ணிக்கை 5,740,179உம் 4,530,902உம்.

எல்லோரும் வெற்றியாளரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தப்பிப்போன எண் ஒன்று உண்டு. வெளியேறிய வேட்பாளர்களிடம் இருந்த சீட்டுகள் 3,321,666. அவற்றிலிருந்து இருவருக்கும் சேர்ந்தது 273,131 மட்டும். நூற்றுக்கு எட்டு. மீதி 3,048,535 சீட்டுகள் இறுதிப் போட்டியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒன்றில் அவற்றில் 2உம் 3உம் வெற்றாக இருந்தன, அல்லது அவையும் தோற்றவர்களுக்கே போயிருந்தன.

இந்த மௌனத்தின் பெரும்பங்கு தமிழர்களுடையதல்ல. ரணிலைத் தவிர மற்ற எல்லாத் தோற்றவர்களின் சீட்டுகளையும் கூட்டினால் 1,021,899. அவை அத்தனையும் மௌனம் என்றே வைத்தாலும், இன்னும் இருபது இலட்சத்துக்கு மேல் மிஞ்சுகிறது. அவை சிலிண்டரின் சீட்டுகளாக மட்டுமே இருக்க முடியும். ரணிலுக்குப் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேரளவில், தங்கள் ஆள் மூன்றாவதாக வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குச் சீட்டில் பதில் எழுதாமல் வந்திருக்கிறார்கள். அப்போது பதவியில் இருந்த ஜனாதிபதி மூன்றாவதாக வருவார் என்று அவர்கள் நினைக்கவில்லைப்போலும்.

எழுதியிருந்தால் முடிவு மாறியிருக்குமா? இந்தக் கேள்விக்கு உணர்ச்சி வேண்டாம், கல்குலேட்டர் போதும். முதல் எண்ணிக்கையில் அநுரவின் முன்னிலை 1,271,880. வெளியேறிய சீட்டுகள் அத்தனையிலும் 2 போடப்பட்டிருந்தால், சஜித் வெல்ல அவற்றில் நூற்றுக்கு 69க்கு மேல் அவருக்கு விழுந்திருக்க வேண்டும். உண்மையில் எண்ணப்பட்ட 2, 3களில் சஜித்துக்கு விழுந்தது நூற்றுக்கு 61 சொச்சம். அதே விகிதத்தில் எல்லோரும் போட்டிருந்தால் அநுரவுக்கு ஏறத்தாழ 69 இலட்சம், சஜித்துக்கு 64 இலட்சம். வெற்றியாளர் அதே ஆள்தான். ஆனால் 12 இலட்ச வித்தியாசம் 5 இலட்சமாகச் சுருங்கியிருக்கும். அநுரவும் மொத்த வாக்கில் 52 சதவீதத்தை ஒட்டி வந்திருப்பார். ‘42 சதவீத ஜனாதிபதி’ என்ற நக்கலுக்கு இடமிருந்திருக்காது. (2 போடாதவர்களின் மனதும் போட்டவர்களின் மனதும் ஒன்றுதான் என்ற ஊகத்தின் மேல் நிற்கும் கணக்கு இது. ரணில் ஆதரவாளர்கள் அநுரவை விரும்பாத அளவைப் பார்த்தால், சஜித்தின் பங்கு இன்னும் ஏறியிருக்கும் என்று வாதிட இடமுண்டு.)

அந்த 42 பற்றியும் ஒரு வார்த்தை. பாதியை எட்டாவிட்டால் மறுதேர்தல் என்று பலர் எழுதினார்கள். அப்படி ஒன்றும் சட்டத்தில் இல்லை. இரண்டாம் எண்ணிக்கையில் எஞ்சிய வாக்குகளில் யாருக்குக் கூட என்பதே கேள்வி. அந்த அளவில் அநுரவுக்கு 55.89 சதவீதம். 42 என்பது செல்லுபடியான எல்லா வாக்குகளிலும், 55.89 என்பது இறுதி இருவரின் வாக்குகளில் மட்டும். இரண்டும் சரிதான். பிரிக்கும் எண் வேறு.

சங்குக்குத் திரும்புவோம். அரியநேத்திரனின் 226,343 வாக்குகள் அத்தனையும் சஜித்துக்குப் போயிருந்தாலும் 1,271,880 இடைவெளியை மூடியிருக்காது. ஆகவே சங்குதான் சஜித்தைத் தோற்கடித்தது என்ற குற்றச்சாட்டு கணக்கில் நிற்காது. அதே கணக்கு சங்குத் தரப்பின் பக்கமும் திரும்பும். பொது வேட்பாளரை நிறுத்தினால் தெற்கு நம்மோடு பேரம் பேச வரும் என்று சொல்லப்பட்டது. 1 என்பது பேரப் பொருள் அல்ல. அது அடையாளம், கணக்கெடுப்பு, ஒரு தீர்மானம். அதற்கும் பெறுமதி உண்டு. யாழ்ப்பாணத்தில் சங்குக்கு விழுந்த 116,688 வாக்குகள் தொலைபேசியின் 121,177ஐ உரசிக்கொண்டு நின்றதை யாரும் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் வெல்லக்கூடிய வேட்பாளருக்குத் தேவைப்படுவது உங்கள் 1 அல்ல, அது கிடைக்காதென்று அவருக்கே தெரியும். அவருக்குத் தேவை உங்கள் 2. தமிழ்ப் பொது வேட்பாளர் என்ற யோசனைக்குள் பேரம் எங்காவது இருந்ததென்றால் அந்த இரண்டாம் கட்டத்தில்தான் இருந்தது. அதை மேசையில் வைக்காமலே பேரத்தைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள்.

2க்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று மட்டும் கனமானது. சிங்கள வேட்பாளர் ஒருவருக்கு 2 போட்டால் சங்கு சொல்லும் செய்தி மங்கிவிடும் என்பது அது. அரசியலாக அதை மதிக்கிறேன். ஆனால் செய்தி பதிவாகும் இடம் முதல் எண்ணிக்கைதான். சங்குக்கு எத்தனை என்று எந்தப் பத்திரிகை எழுதினாலும் அந்த எண்ணிக்கையையே எழுதும். உள்ளே 2 இருந்தாலும் அது குறையாது.

எந்த இருவர் கடைசியில் நிற்பார்கள் என்று தெரியாமல் 2 போடுவது எப்படி என்ற தயக்கம் நியாயமானது. 2024இல் அதற்கு நேர்த்தியான விடை ஒன்று இருந்தது. வெல்லும் வாய்ப்புள்ளவர்கள் மூன்று பேர்: திசைகாட்டி, தொலைபேசி, சிலிண்டர். இறுதிக்கு வருவது அவர்களில் இருவர். சங்குக்கு 1 போடும் ஒருவர் அந்த மூவரில் தனக்கு ஆகவே ஆகாதவரை விட்டுவிட்டு, மீதி இருவரில் பரவாயில்லை என்பவருக்கு 2, மற்றவருக்கு 3 போட்டால், எந்தச் சோடி இறுதிக்கு வந்தாலும் அவர் எழுதிய இருவரில் ஒருவராவது அதில் இருந்தே தீருவார். சீட்டு வீணாக வழியே இல்லை. ஆகாதவரும் ‘பரவாயில்லை’ என்பவரும் மோதினால் வாக்கு ‘பரவாயில்லை’ என்பவருக்குப் போகும். 2 போட்டவர் மூன்றாவதாக வந்து வெளியேறினால் 3 வேலைசெய்யும். எந்தச் சோடிக்கும் வாக்காளரின் உண்மையான மனதே பதிவாகும். நால்வர் சமபலத்தில் நிற்கும் தேர்தலில் இந்த உத்தரவாதம் இல்லை, அங்கே கொஞ்சம் ஊகிக்கத்தான் வேண்டும். சிலிண்டருக்கு 1 போட்டவருக்கு வேலை இன்னும் சுலபம்: மற்ற இரு பெரியவர்களில் ஒருவருக்கு 2, அவ்வளவுதான்.

அடுத்தது சீட்டில் கை வைக்கும் விதம். 2024இல் நிராகரிக்கப்பட்டவை 300,300. 2019இல் 135,452. வாக்களித்தவர்களின் தொகை பெரிதாக மாறாதபோது நிராகரிப்பு இரண்டு மடங்கைத் தாண்டியது. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 25 ஆயிரத்துக்கும் மேல், அளிக்கப்பட்ட வாக்குகளில் நூற்றுக்கு ஆறு அளவு. நாடு முழுவதற்கும் அது இரண்டு சொச்சம்தான். எல்லாவற்றையும் எதிர்ப்பு வாக்கு என்று சொல்லிவிடுவது பெருமையாக இருக்கலாம். புள்ளடியும் இலக்கமும் கலந்த குழப்பத்துக்கு அதில் நல்ல பங்குண்டு என்பது என் சந்தேகம்.

பாதுகாப்பான வழி ஒன்றுதான். இலக்கம் எழுதுவதென்றால் இலக்கம் மட்டும் எழுதுங்கள்: ஒருவருக்கு 1, இன்னொருவருக்கு 2, வேறொருவருக்கு 3. 4 வேண்டாம். ஒருவருக்கு மட்டும் போடப்போகிறீர்கள் என்றால் தனி 1 போதும், தனிப் புள்ளடியும் செல்லும். புள்ளடி போட்டால் அதோடு பேனையை வைத்துவிடுங்கள். பக்கத்தில் 2, 3 எழுதிக் கலக்காதீர்கள். இரண்டு பேருக்கு 1 போட்ட சீட்டு போய்விடும். 1 இல்லாமல் 2ஐ மட்டும் எழுதிய சீட்டும் போய்விடும், ஏனென்றால் 2ஐத் தாங்குவதற்கு அங்கே 1 இல்லை. பெயர், கையொப்பம், யார் போட்டது என்று கண்டுபிடிக்கக்கூடிய எந்த எழுத்தும் கூடாது. 38, 39 பெயர்கள் கொண்ட நீளமான சீட்டில் மடிப்புக்குள் மறைந்த வரிசையையும் பார்க்க வேண்டும். 1 போட்ட பிறகு சீட்டை மேலிருந்து கீழே ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டே 2ஐத் தேடுங்கள்.

முடிவுகள் வரும் இரவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும் பொய்கள் பிறப்பது அப்போதுதான். முதலில் வருவன தபால்மூல வாக்குகள். அவை அரச ஊழியர்கள், ஆசிரியர்கள், பொலிஸார், படையினரின் வாக்குகள். ஊரின் மாதிரி அல்ல. பிறகு 160 தொகுதிகளின் முடிவுகள் எண்ணி முடிந்த ஒழுங்கில் வரும், எந்தப் பிரதேச வரிசையும் இல்லை. தேர்தல் மாவட்டங்கள் 22. நிர்வாக மாவட்டங்கள் 25. கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் வன்னியாக, அம்பாறை திகாமடுல்ல என்ற பெயரில். எங்கள் மாவட்ட முடிவை மறைத்துவிட்டார்கள் என்று கிளிநொச்சியைத் தேடி அலைபவர்கள் ஒவ்வொரு தடவையும் உண்டு. மாவட்டத்தை வென்றவருக்கு அங்கே ஒரு பரிசும் இல்லை. முழு நாடும் ஒரே பெட்டிதான்.

இனி ஒரு தமிழ்ப் பொது வேட்பாளர் நின்றால், 2ஐப் பேரப் பொருளாக்க என்ன செய்யவேண்டும்? எழுத்தில் கேட்க வேண்டியவை நான்கைந்தைப் பெரிய வேட்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பி, பதில் தரவேண்டிய திகதியையும் அறிவிக்க வேண்டும். பதில்களைப் பகிரங்கப்படுத்தி, 1 நமக்கு, 2 இவருக்கு, 3 அவருக்கு என்று எழுதிய மாதிரிச் சீட்டை அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் கட்சிகள் தங்கள் ஆதரவாளர்களுக்கு இப்படி அட்டை கொடுப்பது சாதாரணம். ஒருவரும் உருப்படியான பதில் தராவிட்டால் 2 வெற்று என்று அறிவிப்பதும் ஒரு முடிவுதான். ஆனால் அதைச் சொல்லிச் செய்ய வேண்டும்.

நாட்கணக்கும் முக்கியம். 2024இல் பிரசாரம் செப்டெம்பர் 18 நள்ளிரவோடு ஓய்ந்தது. அதற்குப் பிறகு மாதிரிச் சீட்டோடு ஒரு வாசலையும் மிதிக்க முடியாது. ஆனால் உண்மையான கடைசி நாள் அதைவிட முந்தியது. தபால்மூல வாக்களிப்பு செப்டெம்பர் 4இல் தொடங்கிவிட்டது. தமிழரசுக் கட்சி வாய் திறந்தது 1ஆம் திகதி. தமிழ் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் 2 பற்றி யாராவது சொல்ல நினைத்திருந்தால்கூட, இடையில் இருந்தவை இரண்டே இரண்டு நாட்கள்.